எதிராளி தலையாட்டும் வரை

எங்கள் தெருவில் அவரோடு சண்டை போடுவதைப் போல எரிச்சலான வேலை வேறு கிடையாது. நாம் கத்துவோம். அவர் வலது காதை நம் பக்கம் திருப்பி, நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். கத்தி முடித்து நாம் மூச்சு வாங்கும்போது, "நான் சொல்றது கரீட்டா பாரு" என்று ஆரம்பித்து, நாம் சொன்னதை நம்மைவிட நன்றாகச் சொல்லிக் காட்டுவார். கோபத்தில் நாம் விட்டுவிட்ட நியாயத்தையும் எடுத்துச் சேர்த்துக்கொள்வார். "இதானே உன் கட்சி?" என்பார். நாம் தலையாட்டியாக வேண்டும். தலையாட்டாதவரை தன் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். தலையாட்டிய பிறகு சண்டை போட யாருக்குத் தெம்பு இருக்கும்?

ராயபுரத்தில் அவரை எல்லோரும் நடுவர் என்றுதான் கூப்பிடுவோம். ரேஷன் கடை வரிசையில்கூட "நடுவரே, கொஞ்சம் தள்ளி நில்லு" என்பார்கள். துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கிரேனில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கப்பலின் சரக்குக் குழிக்குள் நிற்கிறவனைத் தெரியாது. கீழே நிற்கிறவனுக்கு மேலே இருப்பவனைத் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி விளிம்பில் நின்று கை காட்டுவதுதான் இவர் வேலை. அந்த இரைச்சலில் இடது காது போய்விட்டது. ஓய்வுக்குப் பிறகும் வேட்டிக்குக் கீழே அந்தக் கனமான சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டுதான் திரிவார். யாராவது குரலை உயர்த்தினால் உள்ளங்கையை விரித்துக் காற்றில் நீட்டிப் பிடிப்பார். துறைமுகத்தில் அதற்கு என்ன அர்த்தமோ, எங்கள் தெருவில் வாயை மூடு என்று அர்த்தம்.

ஒரு நாள் காலை காசிமேட்டில் அவரோடு மீன் வாங்கப் போயிருந்தேன். மீன்காரம்மா வஞ்சிரத்தின் விலையை இறக்கவே மாட்டேன் என்றார். இவர் பேரம் பேசுகிற லட்சணம் இது: "நீ இன்னா சொல்ற? இருட்டுல எய்ந்து வந்து ஏலத்துல நின்னு, ஐஸ் போட்டு, வெயில்ல குந்திகினு கீற. நான் வெலய கொறன்னு கேக்கறது அந்த வெயில கொறன்னு கேக்கற மாரி கீது. கரீட்டா?" அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார். "யோவ், மீனு வாங்க வந்தியா, என்னை அழ வுட வந்தியா? கேட்ட வெலைக்கே எட்த்துகினு போய்யா" என்று பையில் போட்டார். இவருக்கோ வருத்தம். அந்த அம்மா தலையாட்டவே இல்லையாம்.

தண்ணீர் லாரி வருகிற நாளில் இரண்டு பெண்கள் குடத்தால் அடித்துக்கொள்ளாத குறையாக நின்றார்கள். இவர் நடுவில் போய், முதலில் நீ அவள் பக்கத்தைச் சொல், அப்புறம் அவள் உன் பக்கத்தைச் சொல்லட்டும் என்றார். "அவ கட்சிய நான் ஏன்யா பேசணும்?" என்று ஒருத்தி பாய, "நல்லா கேளுடி அந்தாள" என்று மற்றவள் சேர்ந்துகொள்ள, இரண்டு பேருமாக அவரை விரட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே தண்ணீர் பிடித்தார்கள். இவர் என் பட்டறை வாசலில் வந்து நின்று, "சமாதானம் ஆயிட்சு பாத்தியா?" என்றார். நான் காசிமேட்டுப் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக். கையில் ஸ்பானரோடு அரை மணி நேரம் சிரித்தேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு படிப்பகம் இருந்தது. நாலு பெஞ்சு, ஒரு மின்விசிறி, மூன்று தினசரிகள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அங்கே விவாதம் நடக்கும். சாவி அவரிடம். விதியும் அவருடையதுதான். முதலில் எதிராளியின் பக்கத்தைப் பேச வேண்டும். எதிராளி தலையாட்டிய பிறகுதான் சொந்தப் பக்கம். அதிலும் 'அவர்கள் சொல்கிறார்கள்' என்று பேசக்கூடாது. 'நான்', 'நாங்கள்' என்றே பேச வேண்டும். "அவுங்க இன்னா சொல்றாங்கன்னான்னு ஆரம்பிச்சா அது கோள் மூட்டறது. நான்னு சொல்லிப் பாரு. உன் வாயி கூசும். அப்பதான் காது தொறக்கும்" என்பார்.

அப்படித்தான் எண்ணூர் சாம்பலைப் பற்றிப் பேசினோம். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிற ஒருவர், "என் ஆத்துல சாம்பல கொட்னீங்க, என் எறாலு செத்துப்போச்சு" என்று மீனவனாகப் பேசினார். மீனவரான என் மாமா, "பிளாண்ட மூடுனா என் புள்ளைங்க சோத்துக்கு இன்னா பண்ணுவாங்க?" என்று அந்த ஒப்பந்தத் தொழிலாளியாகப் பேசினார். முடிவில் தீர்ப்பு கேட்டோம். அவர் ஒருநாளும் தீர்ப்பு சொன்னதில்லை. தீர்ப்பு சொன்னால் நீங்கள் யோசிக்காமல் வீட்டுக்குப் போய்விடுவீர்கள் என்பார். இவரையெல்லாம் யார் நடுவர் ஆக்கியது என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

இதுவரை எழுதியதைப் படித்தால் சிரிப்பான மனிதர் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. இனி எழுதப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

என் தம்பி இஸ்ரேலில் வேலை பார்க்கிறான். தெற்கே ஒரு சின்ன ஊர். எண்பது வயது தாண்டிய பெரியவர் ஒருவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுகிற வேலை. சைரன் அடித்தால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பதுங்கு அறைக்கு ஓட வேண்டும். ஒருமுறை போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே சைரன் அடித்துவிட்டது. அந்தச் சத்தத்தை அம்மா கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு இங்கே துறைமுகத்தில் சங்கு ஊதினால்கூட அம்மா எழுந்து நின்றுவிடுவார்.

இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் போர் தொடங்கி இரண்டாவது வருஷம். போர்நிறுத்தம் என்று பேப்பரில் வரும், அடுத்த வாரமே முறிந்தது என்று வரும். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஷமீமா அக்காதான் படிப்பகத்தில் அந்தப் பேச்சை எடுத்தார். "தெனம் போன்ல செத்துப்போன கொழந்தைங்கள பாத்துகினு கீறேன் நடுவரே. எங்கயாச்சும் வாய் தொறந்து பேசணும்." அவர் உடனே சம்மதிக்கவில்லை. எதற்கும் தயங்காத மனிதர் இதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். யார் குற்றவாளி என்று தலைப்பு வைக்கலாம் என்றார்கள் சிலர். "அது வாணாம். அங்க அமைதி வருமா? வரணும்னா யாரு இன்னா உடணும்? அத்த பேசுவோம்" என்றார்.

"நாம ராயபுரத்துல குந்திகினு பேசினா அங்க சண்ட நின்னுடுமா?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார்.

"அங்க நிக்காதுப்பா. அந்தச் சண்ட இங்க வராம இருக்கட்டும்னு பேசறோம்."

ஷமீமா அக்காவுக்கு எதிர்ப்பக்கம் நான். தம்பி அங்கே இருப்பதால் இஸ்ரேல் பக்கம் பேச நீதான் சரி என்றார்கள். விதிப்படி முதலில் நான் பாலஸ்தீனத்தின் பக்கத்தைச் சொன்னேன்.

"எங்க வூட்ட இடிச்சீங்க. எங்க பாட்டன் வச்ச ஆலிவ் மரத்த வேரோட சாச்சீங்க. கடலு என் வாசல்லயே கீது. ஆனா என் படகு எவ்ளோ தூரம் போவலாம்னு நீங்க சொல்றீங்க. மாவு வாங்க போன என் புள்ளய பொணமா தூக்கினு வந்தேன். என்னை கூண்டுல வச்சிகினு, நான் கத்தாம இருந்தா அதான் அமைதின்றீங்க. நான் எப்டி கத்தாம இருப்பேன்?"

படகைப் பற்றிய வரி ஷமீமா அக்கா சொல்லிக்கொடுத்தது இல்லை. பேப்பரில் படித்ததிலிருந்து என் மனதில் முள்ளாகக் கிடந்தது. கடலில் கோடு போட்டு இதற்கு மேல் போகாதே என்றால் எப்படி இருக்கும் என்று எங்கள் குப்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

பிறகு அவர் என் பக்கத்தைச் சொன்னார். "விடியகாலைல என் வூட்டுக்குள்ள பூந்து என் ஜனங்கள சுட்டீங்க. கெழவனயும் கைக்கொழந்தையயும் புட்ச்சிகினு போனீங்க. சைரன் அடிக்கசொல்ல எனக்கு மூச்சு நிக்குது. நான் இந்த பூமிலயே இருக்கக்கூடாதுன்றவனுக்கு நான் எப்டி கதவ தொறந்து வுடுவேன்?" இதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விவாதம். நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, சமமாக வாழவிட்டால் அமைதி வரும் என்றார் அக்கா. கொடுத்த பிறகு மறுபடி உள்ளே வந்து வெட்ட மாட்டார்கள் என்பதற்கு யார் பொறுப்பு, அதனால் வராது என்றேன் நான். பயந்தவன் கையில் துப்பாக்கி இருக்கும்வரை எதிரே நிற்கிறவனும் பயந்துகொண்டே இருப்பான் என்றார் அக்கா. முதலில் யார் கீழே வைப்பது என்றேன். நடுவர் உள்ளங்கையை நீட்டினார். "ரெண்டு பேரும் எதிராளி இன்னா உடணும்னே சொல்லிகினு கீறீங்க. நீ இன்னா உடுவ? அத்த சொல்லு" என்றார். "மொதல்ல அவுங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லி முடித்தார். அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

திங்கட்கிழமை காலை பட்டறைக்குள் டேவிட் போனை நீட்டிக்கொண்டே வந்தான். என்னோடு வேலை பார்க்கிறவன், நல்லவன்தான். போனில் என் முகம். 'எங்க வூட்ட இடிச்சீங்க' என்று ஆரம்பித்து 'எப்டி கத்தாம இருப்பேன்' வரைக்கும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. ஷமீமா அக்கா என் பக்கத்தைப் பேசினதையும் தனியாக வெட்டி, அவர் இருக்கிற சந்தில் சுற்ற விட்டிருந்தார்கள்.

"மாமு, இன்னா காரியம் பண்ணிகீற? இது அங்க போச்சுன்னா உன் தம்பி கதி இன்னா ஆவும்?"

விளையாட்டாகச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன். போகவில்லை. மத்தியானம் போட்டேன், சாயங்காலம் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். செவ்வாய்க்கிழமை காலையிலும் அதேதான். அவன் அப்படி இரண்டு நாள் போனை அணைத்து வைத்ததே இல்லை. பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் புலம்பினேன், அம்மாவிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தே, "புள்ளைக்கு இன்னாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவனை யாரோ கூட்டிக்கொண்டு போய் ஒரு அறையில் உட்கார வைத்து, என் முகத்தைப் போனில் காட்டி, இது யார் என்று கேட்பதைப் போல எனக்கு ஓயாமல் தோன்றிக்கொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை.

வழியையும் டேவிட்தான் சொன்னான். "நீயா பேசல, பெரியவரு எய்தி குட்த்தாரு, மெரட்டி பட்ச்சு காட்ட சொன்னாருன்னு ஒரு வீடியோ போட்டுடு. அவருக்கு இன்னா, பென்சன் வாங்கற ஆளு. உன் தம்பிக்குதான் வேல, உசுரு எல்லாம்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்டறைச் சுவரோரமாக நின்று அதைச் சொன்னேன். நடுவரின் பெயரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். டேவிட் எடுத்து நாலைந்து குரூப்பில் போட்டான். போட்ட கையோடு எனக்குப் பசித்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன், அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலையில் படிப்பகத்துக்கு ஆட்கள் வந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்டால், இரண்டு பக்கத்து ஆட்களும் என்றார்கள் பார்த்தவர்கள். ஒரு கூட்டம் போன பிறகு இன்னொரு கூட்டம். பெஞ்சுகளைத் தூக்கி நடுத்தெருவில் போட்டு உடைத்தார்கள். அவர் வீட்டு ஜன்னலுக்குக் கல் வந்தது. மத்தியானம் அவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பொய்யன் என்று ஆகிவிடும். அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சாட்சி. ஷமீமா அக்கா தன் சந்தில் கூடி நின்றவர்களிடம், "ஆமா, நான்தான் சொன்னேன். முழுசா கேக்காதவன் வந்து என்னை இன்னா கேக்கறது?" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் நிச்சயம் சாட்சி சொல்வார்.

அந்த அக்காதான் சாயங்காலம் பட்டறைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே சொன்னார்.

"நானும் ஸ்டேசனுக்கு போனேன். நீ சொன்னது பொய்யின்னு சொல்லத்தான் போனேன். நீதான் எய்தி குட்த்தியான்னு நடுவர கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டாரு. என்னை பாத்து கைய இப்டி காட்டினாரு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் தம்பி கூப்பிட்டான். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. பெரியவருக்கு மூச்சுத் திணறி ஞாயிற்றுக்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவசரத்தில் இவன் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய், மூன்று நாளும் கட்டில் பக்கத்திலேயே இருந்திருக்கிறான். இப்போதுதான் வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டானாம்.

"வீடியோ பாத்தியா?" என்றேன்.

"இன்னா வீடியோண்ணே? இங்க எனக்கு குளிக்கவே நேரமில்ல. அம்மா எங்க? குடு."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அங்கே யாருமே பார்க்கவில்லை. யாரும் என் தம்பியை எந்த அறையிலும் உட்கார வைக்கவில்லை. அந்த அறையை நானே கட்டி, ஊருக்கெல்லாம் நியாயம் பேசின ஒரு மனிதரை அதற்குள் தள்ளிப் பூட்டியிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். பட்டப்பகலில் ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி கதவை முழுதாகத் திறக்காமல், சங்கிலி மாட்டியபடியே என்னைப் பார்த்தார். "இன்னும் இன்னாப்பா வேணும் உனக்கு?" என்றார். உள்ளே இருந்து அவரே எழுந்து வந்து சங்கிலியை எடுத்துவிட்டார். ஒரு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். தெருவில் ஏதோ ஆட்டோ நின்ற சத்தத்துக்கு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அது போன பிறகுதான் என்னைப் பார்த்தார்.

நான் பேச வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நான் சொல்றது கரீட்டா பாரு. என் தம்பி அங்க கீறான். ரெண்டு நாளா போனு போவல. ஆத்தா மூஞ்சிய என்னால பாக்க முடியல. இந்தக் கெழவனுக்கு இன்னா ஆனாலும் ராயபுரத்துலதான் ஆவும். அவனுக்கு ஆச்சுன்னா போய் தூக்கக்கூட என்னால முடியாது. அத்தொட்டு நான் பேர சொல்லிட்டேன். இதானே உன் கட்சி?"

எனக்காக நானே இவ்வளவு நன்றாகப் பேசியிருக்க மாட்டேன். அழுதுகொண்டே தலையாட்டினேன்.

இனி அவர் பேசுகிற முறை. நான் காத்துக்கொண்டு நின்றேன். திட்டுவார், காறித் துப்புவார், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் உதடு ஏதோ சொல்லப் போவது போல அசைந்தது. இன்னொரு வண்டியின் சத்தம் கேட்டது. முகம் வெளுத்துப்போய், "எனக்கு பயமா கீதுப்பா. நீ போ" என்று கதவைச் சாத்தினார். சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்டது.

அந்த மாதமே வள்ளூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். படிப்பகம் பூட்டித்தான் கிடக்கிறது. எங்கள் தெருவில் இப்போது யாரும் அந்தப் போரைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாமல் இருக்கிறோம் என்பதால் மறந்துவிட்டோம் என்று இல்லை. தேநீர்க் கடையில் டிவியில் அந்தச் செய்தி வந்தால், யார் யாரெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் சுற்றிப் பார்த்துக்கொள்கிறோம். ஷமீமா அக்கா எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பார். மீதிச் சில்லறையை என் கையில் கொடுக்காமல் மேசையில் வைப்பார்.

நான் அவர் பெயரைச் சொன்ன வீடியோ இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் சொன்னது பொய் என்று இன்னொரு வீடியோ போட எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்திருக்கிறேன். படிப்பகத்தில் எடுத்த முதல் வீடியோ அங்கே யாருக்கும் போய்ச் சேரவில்லை. இது போய்ச் சேர்ந்துவிட்டால்? தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். பெரியவர் பிழைத்துக்கொண்டார். நேற்றும் சைரன் அடித்ததாம்.

வீடியோதான் முடியவில்லை, எழுதியாவது வைக்கலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே அவருடைய பெயரையும் அவர் அப்பாவின் பெயரையும் எழுதினேன். அவரைத் தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும், என் பொய்யைத் துடைத்தது போலவும் இருக்கட்டும் என்று நினைத்தேன். முழுதாக எழுதி முடித்துவிட்டு மறுபடி படித்தேன். அந்தப் பெயரை வைத்துத் தேடினால் என் வீடியோ வரும், என் வீடியோவிலிருந்து என் தம்பிக்குப் போய்விடலாம். பெயர் வந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, நடுவர் என்று எழுதினேன்.